நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வென்ற "முதல் உலகக் கோப்பை": வெஸ்ட் ஆக்லாந்து கழகத்தின் வரலாற்றில் எது உண்மை?

ஓரக்கோடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகம் வரும் தை மாதத்தில் ஆண்டு மலர் ஒன்றை வெளியிட இருக்கிறது. பெரிய லீகுகளுக்குள் ஒருபோதும் நுழையாத சிற்றூர்க் கழகங்கள் பிற நாடுகளில் எப்படி வாழ்ந்தன என்று ஒரு கட்டுரை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது என்று தேடிக்கொண்டிருந்தபோது, பல குழுக்களில் சுற்றிவரும் ஒரு செய்தி என் கைக்கும் வந்து சேர்ந்தது. 1930இல் உருகுவே உலகக் கோப்பையை வெல்வதற்கு 21 ஆண்டுகள் முன்னதாகவே, இங்கிலாந்தின் ஒரு சுரங்கக் கிராமத்துத் தொழிலாளர்கள் முதல் உலகக் கோப்பையை வென்றுவிட்டார்கள் என்றும், லண்டனில் இருந்த வூல்விச் ஆர்சனல் கழகத்துக்குப் போக வேண்டிய அழைப்புக் கடிதம் முகவரி மாறி அவர்களிடம் போனதுதான் அதற்குக் காரணம் என்றும் அதில் எழுதியிருந்தது. கழகத்தின் பெயர் வெஸ்ட் ஆக்லாந்து.

படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு சுவையாக இருக்கும் எதையும் அப்படியே அச்சில் ஏற்ற எனக்குத் துணிவு வருவதில்லை. போட்டி உண்மையிலேயே நடந்ததா, கடிதம் மாறிய கதையை நம்பலாமா, வென்ற பிறகு அந்தக் கழகம் என்ன ஆயிற்று என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். ஸ்கோர்களைவிட அந்தக் கழகத்தின் வாழ்க்கைதான் எனக்கு வேண்டும்.

பழைய ஏடு எழுதியது:

போட்டி நடந்தது, கோப்பை வந்தது, இரண்டும் உண்மை. மற்றவற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வெஸ்ட் ஆக்லாந்து, இங்கிலாந்தின் வடகிழக்கே டர்ஹாம் வட்டாரத்தில், பிஷப் ஆக்லாந்து என்னும் சிறு நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். நடுவே நீண்டு கிடக்கும் ஒரு புல்வெளித் திடலும் அதைச் சுற்றிய வீடுகளுமாக, பார்த்தால் உழவர் கிராமம்போலத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் அதன் சோறு நிலத்துக்கு அடியிலிருந்துதான் வந்தது. டர்ஹாம் நிலக்கரி வயலின் எத்தனையோ சுரங்க ஊர்களில் அதுவும் ஒன்று. சுரங்க வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். இந்தப் போட்டிக்காக வெஸ்ட் ஆக்லாந்துக்காரர்கள் இத்தாலிக்குக் கிளம்பிய அதே 1909ஆம் ஆண்டின் பிப்ரவரி 16 அன்று, அதே வட்டாரத்தின் வெஸ்ட் ஸ்டான்லி சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிப்பில் 168 ஆண்களும் சிறுவர்களும் இறந்தார்கள். இரண்டு மாதங்கூட ஆகவில்லை. வெற்றிக் கதையைச் சொல்கிறவர்கள் இந்தத் தேதியைப் பெரும்பாலும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

கழகம் 1893இல் தொடங்கப்பட்டது. போட்டி நடந்த காலத்தில் நார்தர்ன் லீகில் ஆடிக்கொண்டிருந்தது. 1889இல் உருவான அந்த லீக், அதற்கு முந்தைய ஆண்டில் பிறந்த ஃபுட்பால் லீகுக்கு அடுத்தபடியாக, இன்றுவரை நடந்துவரும் கால்பந்து லீகுகளில் உலகிலேயே இரண்டாவது பழமையானது. அமெச்சூர் லீக், அதாவது ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது. பகலில் கரி வெட்டிவிட்டு, சனிக்கிழமை மதியம் பந்து உதைத்தவர்கள்.

இப்போது கோப்பைக்கு வருவோம். தேயிலை வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய சர் தாமஸ் லிப்டன், இத்தாலியின் டூரின் நகரில் நடக்கும் பன்னாட்டுக் கழகப் போட்டி ஒன்றுக்கு வெள்ளிக் கோப்பை ஒன்றைக் கொடுத்தார். இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து அணிகள் சேர்ந்தன. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் அணி அனுப்ப மறுத்தது. கால்பந்து பிறந்த நாட்டிலிருந்து ஒருவர்கூட வராமல் போட்டி நடத்துவதில் லிப்டனுக்கு விருப்பமில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் வெஸ்ட் ஆக்லாந்துக்கு அழைப்புப் போனது. எந்த வழியாகப் போனது என்பதற்கு இரண்டு மூன்று கதைகள் உண்டு. ஒன்று நீங்கள் சொன்ன கடிதக் கதை. இன்னொன்று, லிப்டன் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் நார்தர்ன் லீகில் நடுவராகவும் இருந்தார், அவர் சொல்லித்தான் அழைப்பு வந்தது என்பது.

பயணச் செலவை ஆட்டக்காரர்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டுச் சாமான்களை விற்றும் அடகு வைத்தும் பணம் திரட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். எவர் எதை விற்றார் என்பதற்குக் கணக்கு ஏது? ஆனால் சுரங்கத்தில் இறங்காத நாளுக்குக் கூலி இல்லை என்பது மட்டும் உறுதி. ஆகவே இரயிலும் கப்பலும் மாறி ஐரோப்பாவைக் கடந்து போய்த் திரும்பிய நாள்கள் அனைத்தும் சம்பளம் இழந்த நாள்கள்தான்.

1909 ஏப்ரல் 11 அன்று அரையிறுதியில் ஸ்டுட்கார்ட் ஸ்போர்ட்ஃபிராய்ண்டே அணியை 2-0 என்று வென்றார்கள். மற்றோர் அரையிறுதியில், டூரினின் இரு கழகங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த உள்ளூர் அணியைச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் வீழ்த்தியிருந்தது. மறுநாளே இறுதியாட்டம். அதிலும் வெஸ்ட் ஆக்லாந்து 2-0 என்று வென்றது. இரண்டு நாளில் இரண்டு ஆட்டம், ஒரு கோல்கூட வாங்கவில்லை.

அந்த அணியில் பக்கத்து ஊரான குரூக்கிலிருந்து இரவலாக வந்து ஆடிய ஜாக் கிரீன்வெல் என்பவரைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு பத்தியாவது எழுதிவிடுங்கள். 1884இல் பிறந்த அவர், குரூக் டவுன் கழகத்தின் ஆட்டக்காரர். டூரினுக்குப் போய்வந்த சில ஆண்டுகளில் பார்சிலோனாவுக்குச் சென்று அங்கே ஆடினார். பின்னர் 1917 முதல் பல ஆண்டுகள் அந்தக் கழகத்தின் பயிற்சியாளராக இருந்தார். 1939இல் தென் அமெரிக்க வாகையர் போட்டியைப் பெரு நாடு வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளரும் அவரே. அந்தப் பட்டத்தை வென்ற பயிற்சியாளர்களில் தென் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர் அவர் ஒருவர்தான் என்பார்கள். 1942இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இறந்தார். ஒரு சுரங்க ஊரின் திடலிலிருந்து கிளம்பிய மனிதர் போய் அடங்கிய இடத்தைப் பாருங்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, 1911இல், கோப்பையைத் தக்கவைக்க அவர்கள் மறுபடியும் டூரினுக்குப் போனார்கள். அரையிறுதியில் சூரிச் நகரத்திலிருந்து வந்த அணியை வென்று, ஏப்ரல் 17 அன்று இறுதியாட்டத்தில் ஜுவென்டஸை எதிர்கொண்டார்கள். முடிவு 6-1. இரண்டு முறை தொடர்ந்து வென்றதால் கோப்பை நிரந்தரமாக அவர்களுக்கே கொடுக்கப்பட்டது.

ஊர் திரும்பியபோது கையில் வெள்ளிக் கோப்பை இருந்தது, கழகத்தின் பெட்டியில் பணமில்லை. இரண்டாம் பயணம் கழகத்தைக் கடனில் தள்ளிவிட்டது. தாங்கள் கூடும் வீட்ஷீஃப் விடுதியின் உரிமையாளரான பெண்மணியிடம் 40 பவுண்டு கடன் கேட்டார்கள். ஈடாக வைக்க அவர்களிடம் இருந்த ஒரே பொருள் அந்தக் கோப்பைதான். நம் ஊரில் தாலிக்கொடி போகிற வழியில் அங்கே உலகக் கோப்பை போயிற்று. அதை மீட்பதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே எழுதியவர் நிகழ்ச்சிகளை நன்றாகவே சொல்லிவிட்டார். கடிதக் கதையையும் "உலகக் கோப்பை" என்ற பட்டத்தையும் மட்டும் உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

கடிதக் கதையின் ஆதாரம் என்ன? இரண்டு கழகங்களுக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்துகள் ஒன்றாக இருக்கின்றன என்பதைத் தவிர வேறு ஏதும் இல்லை. அந்தக் கடிதத்தை யாரும் காட்டியதில்லை. அன்றைய நிலைமையை வைத்து யோசித்துப் பாருங்கள். வூல்விச் ஆர்சனல் 1904 முதல் ஃபுட்பால் லீகின் முதல் பிரிவில் ஆடிய தொழில்முறைக் கழகம். 1909 ஏப்ரல் 11 ஈஸ்டர் ஞாயிறு. ஈஸ்டர் விடுமுறை நாள்கள் என்றால் இங்கிலாந்தின் லீக் கழகங்களுக்கு ஆட்டத்தின்மேல் ஆட்டம், வாசலில் கூட்டத்தின்மேல் கூட்டம், ஆண்டின் வருமானத்தில் பெரும்பகுதி சேரும் நேரம். அந்த வாரத்தில் எந்த முதல் பிரிவுக் கழகமாவது லீக் ஆட்டங்களை விட்டுவிட்டு டூரினுக்குப் போயிருக்குமா? கடிதம் சரியான முகவரிக்கே போயிருந்தாலும் ஆர்சனல் வந்திருக்க முடியாது. போட்டியை நடத்தியவர்களுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. விடுமுறை நாளில் விடுபட்டு வரக்கூடிய, சம்பளம் கேட்காத, ஆனால் நன்றாக ஆடக்கூடிய அணி ஒன்று வேண்டுமென்றால் வடகிழக்கின் அமெச்சூர் கழகங்களிடம் போவதுதான் இயல்பு. நடுவர் வழியாக அழைப்பு வந்தது என்ற கதை குறைவான சுவையுடையது, அதனாலேயே எனக்கு நம்பத் தகுந்ததாகத் தோன்றுகிறது. ஆனாலும் அதுவும் கதைதான், கட்டுரையில் அப்படியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பட்டம். நான்கு அணிகள் ஆடிய கழகப் போட்டி அது. நாட்டணிகள் இல்லை. ஃபிஃபாவுக்கு அதில் பங்கில்லை, அப்போது ஃபிஃபாவின் தலைவராக இருந்தவர் டேனியல் உல்ஃபால் என்னும் ஆங்கிலேயரே என்றாலும். வந்த அணிகளின் தரத்தையும் பார்க்க வேண்டும். விண்டர்தூர் வலுவான அணிதான், 1906இலும் 1908இலும் சுவிஸ் வாகையர். ஆனால் இத்தாலியில் அன்று கொடி நாட்டிய கழகம் ப்ரோ வெர்செல்லி. 1908, 1909, 1911 ஆகிய ஆண்டுகளின் பட்டங்கள் அதற்கே. 1911இல் ஆறு கோல் வாங்கிய ஜுவென்டஸை இன்றைய ஜுவென்டஸாக மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் செய்தி வேறாக ஒலிக்கும். அன்று அந்தக் கழகத்தின் கணக்கில் ஒரே ஒரு நாட்டுப் பட்டம், 1905இல் வென்றது, மட்டுமே இருந்தது. பிரிட்டனின் தொழில்முறைக் கழகங்கள் எதுவும் வராத போட்டியில் உலகத்தின் சிறந்த அணி யார் என்று முடிவு செய்ய வழியே இல்லை.

இந்த மாதிரிப் பட்டத்துக்கு இதைவிட மூத்த உரிமையாளர் ஒருவர் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1888இல் ஸ்காட்லாந்துக் கோப்பையை வென்ற ரென்டன் கழகம், இங்கிலாந்துக் கோப்பையை வென்ற வெஸ்ட் பிரோம்விச் ஆல்பியனை 4-1 என்று தோற்கடித்துவிட்டு, தங்கள் திடலில் "உலக வாகையர்" என்று பலகையே மாட்டி வைத்தது. ரென்டனும் ஒரு கிராமம்தான், சாயத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர். அந்தக் காலத்தில் கால்பந்து உலகம் என்றால் பிரிட்டன் மட்டுமே என்பதால், நேர்மையாகக் கேட்டால் ரென்டனின் வாதம் இன்னும் வலுவானது.

இவ்வளவும் வெஸ்ட் ஆக்லாந்தைச் சிறுமைப்படுத்த அல்ல. சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவர்கள் அயல்நாட்டில் நான்கு ஆட்டம் ஆடி நான்கையும் வென்றார்கள், ஒரே ஒரு கோல்தான் வாங்கியதாகவும் தெரிகிறது. அதற்கு "உலகக் கோப்பை" என்ற மாலை எதற்கு என்பதுதான் என் கேள்வி.

ஊவாக்காரன் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் உதைபந்தாட்டம் பற்றி அதிகம் அறிந்தவன் அல்லன். ஆனாலும் லிப்டன் என்ற பெயர் வந்துவிட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. என் தாத்தா, அப்பம்மா எல்லோரும் இலங்கையில் ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள், லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்கள்.

கிளாஸ்கோவில் 1871இல் ஒரு மளிகைக் கடையோடு தொடங்கியவர் லிப்டன். கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்து, தோட்டக்காரர்கள் நிலத்தை மலிவாக விற்றுக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு, 1890இல் இலங்கைக்கு வந்து ஊவாவில் தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னைத் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. அதற்கு மேலே அவர் உட்கார்ந்து மலைகளைப் பார்த்ததாகச் சொல்லும் உச்சிக்கு "லிப்டன் சீட்" என்று பெயர் வைத்து, வெளிநாட்டுப் பயணிகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். போகும் வழி முழுக்கக் கூடையோடு நிற்கும் பெண்கள் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த தமிழரின் வழிவந்தவர்கள். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கோப்பைக்கு என்பது அவருடைய விளம்பர வாசகத்தின் சாரம். எங்கள் நாட்டில் விளையாட்டுப் பரிசைக் கிண்ணம் என்போம், தமிழ்நாட்டில் அதையும் கோப்பை என்கிறீர்கள். எனவே உங்கள் தமிழில் அந்த வாசகம் டூரினுக்கும் பொருந்திவிடுகிறது.

அந்த மனிதருக்குக் கிண்ணம் கொடுப்பதில் ஒரு மோகம் இருந்தது போலும். 1905 முதல் ஆர்ஜென்டீனாவும் உருகுவேயும் ஆடிய லிப்டன் கிண்ணமும் அவர் கொடுத்ததே. தான் வாங்கத் துடித்த கிண்ணம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் படகுப் போட்டிக்கு 1899 தொடங்கி 1930 வரை ஐந்து தடவை "ஷாம்ராக்" என்ற பெயரில் படகுகளை அனுப்பி, ஐந்து தடவையும் தோற்றார். அடுத்த ஆண்டு இறந்துபோனார்.

மேலே ஒருவர் சுரங்கத்தில் இறங்காத நாளுக்குக் கூலி இல்லை என்று எழுதியதைப் படித்தபோது எங்கள் தோட்டத்துப் "பேர்", அதாவது ஒரு நாள் வேலைக்கான பதிவு, ஞாபகத்துக்கு வந்தது. ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை, கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். லிப்டனின் வெள்ளிக் கிண்ணத்தின் ஒரு முனையில் கரி வெட்டியவர்களும் மறுமுனையில் கொழுந்து எடுத்தவர்களும் இருந்தார்கள். கரி வெட்டியவர்கள் ஒருமுறை அந்தக் கிண்ணத்தைக் கையில் தூக்கியாவது பார்த்தார்கள்.

ஓரக்கோடு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. லிப்டனை இந்தக் கோணத்திலிருந்து நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. ஊவா நண்பரின் கடைசிப் பத்தியை, அவர் இசைந்தால், அவர் சொற்களிலேயே மலரில் சேர்க்க விரும்புகிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். அடகில் போன கோப்பை திரும்பி வந்ததா? 1911க்குப் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் அந்தக் கழகம் என்ன செய்துகொண்டிருந்தது? இணையத்தில் காணும் எல்லாக் கட்டுரைகளும் 6-1 உடன் நின்றுவிடுகின்றன, அந்த ஊர் அன்றே கடலில் மூழ்கிவிட்டதுபோல.

பழைய ஏடு எழுதியது:

உங்கள் குறை நியாயமானது. ஒரு கழகத்தின் வரலாறு என்பது அது வென்ற நான்கு ஆட்டங்கள் அல்ல. நடுவில் கிடக்கும் ஆண்டுகளைத்தான் எவரும் எழுதுவதில்லை.

கோப்பை திரும்பி வந்தது, 1960இல். கடன் கொடுத்த பெண்மணி அப்போது முதுமையில் வேறு ஊரில் இருந்தார். அவரிடமிருந்து 100 பவுண்டுக்கு அதை மீட்டார்கள். நாற்பதுக்கு வைத்தது நூறுக்கு வந்தது. நம் அடகுக்கடை வட்டியோடு ஒப்பிட்டால் அந்த அம்மையார் மிகவும் பொறுமைசாலி, வேறு இடமாக இருந்திருந்தால் அது முதல் உலகப் போருக்கு முன்பே மூழ்கிப் போயிருக்கும். அந்த ஆண்டில் மீட்டதற்குக் காரணமும் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1959-60, 1960-61 ஆகிய இரு பருவங்களிலும் வெஸ்ட் ஆக்லாந்து நார்தர்ன் லீகின் வாகையர். ஊர் மீண்டும் நிமிர்ந்து நின்ற நேரம் அது. 1961இல் அமெச்சூர் கோப்பையின் இறுதியாட்டத்துக்கு லண்டனின் பெரிய அரங்கான வெம்பிளிக்கே போனார்கள். லண்டன் பக்கத்துக் கழகமான வால்தம்ஸ்டோ அவென்யூவிடம் 2-1 என்று தோற்றார்கள்.

இந்த அமெச்சூர் கோப்பை என்றால் என்ன என்பதை உங்கள் வாசகர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். சம்பளம் வாங்காத கழகங்களுக்கென்று 1893-94இல் தொடங்கிய போட்டி அது. இறுதியாட்டம் 1949 முதல் வெம்பிளியில் நடந்தது. 1954இல் பிஷப் ஆக்லாந்தும் குரூக் டவுனும் மோதியபோது அரங்கில் ஒரு இலட்சம் பேர் இருந்தார்கள், வெற்றி தோல்வி தெரிய மூன்று ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது, கடைசியில் வென்றது குரூக். இரண்டு ஊர்களுக்கும் இடையே சில மைல் தூரம்தான். பிஷப் ஆக்லாந்து மொத்தம் 10 முறை அந்தக் கோப்பையை வென்றது, 1955, 1956, 1957 என்று மூன்று முறை தொடர்ச்சியாக. 1958இல் மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் தன் அணியையே இழந்து நின்றபோது, கைகொடுக்க பாப் ஹார்டிஸ்டி, டெரெக் லூயின், வாரன் பிராட்லி ஆகியோரை அனுப்பியது இந்த பிஷப் ஆக்லாந்துதான். வெஸ்ட் ஆக்லாந்து வாழ்ந்தது இப்படிப்பட்ட அண்டை வீட்டுக்காரர்களின் நிழலில். இரண்டு முறை டூரினில் வென்ற கழகம், உள்ளூரில் மூன்று மைல் தள்ளி இருக்கும் கழகத்தின் புகழுக்கு அருகில்கூட வந்ததில்லை. வெளியூரில் வாங்கிய மாலைக்கு உள்ளூரில் மதிப்பில்லை என்பது எங்கும் உள்ள வழக்கம்தானே.

சம்பளம் வாங்காதவர்கள் என்று சொன்னேன். காகிதத்தில் அப்படி. நடைமுறையில், ஆட்டம் முடிந்து உடை மாற்றப் போனால் காலணிக்குள் நோட்டு இருக்கும் என்பது அந்த வட்டாரத்தில் ஊரறிந்த இரகசியம், வடகிழக்கில் மட்டுமல்ல, இங்கிலாந்து முழுவதிலும். இந்தப் பொய்க்கு ஒரு முடிவு கட்ட 1974இல் கால்பந்துச் சங்கம் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவினையையே நீக்கியது. அத்துடன் அமெச்சூர் கோப்பையும் போயிற்று. அதன் இடத்தில் கீழ்நிலைக் கழகங்களுக்கு எஃப்.ஏ. வாஸ் என்ற போட்டி வந்தது.

சிறு கழகங்களுக்குப் பெரிய மீன் சிக்கும் ஒரே வலை, பெரிய கழகங்களும் சிறிய கழகங்களும் சேர்ந்து ஆடும் எஃப்.ஏ. கோப்பை, அதாவது கால்பந்துச் சங்கத்தின் கோப்பை. 1998-99 பருவத்தில் வெஸ்ட் ஆக்லாந்து அதன் முதல் சுற்றுவரை வந்து, யோவில் டவுனுடன் அவர்கள் ஊரிலேயே சமன் செய்து, மறு ஆட்டத்தையும் சமன் செய்து, கடைசியில் பெனால்டி உதைகளில் தோற்றது. வாஸ் போட்டியின் இறுதிக்கு 2012இலும் 2014இலும் சென்றது, முதலாவதில் டன்ஸ்டனிடம் 2-0, இரண்டாவதில் ஷோலிங்கிடம் 1-0. ஆக வெம்பிளிக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பிய கழகம் இது. டூரின் மட்டும்தான் அதற்கு ராசியான ஊர், அதுவும் எல்லா நாளும் அல்ல என்பதைக் கீழே சொல்கிறேன்.

மீட்ட கோப்பைக்கு வருகிறேன். அதை ஊரின் தொழிலாளர் மன்றத்தில் வைத்திருந்தார்கள். 1994 ஜனவரியில் அங்கிருந்து திருடு போனது. இன்றுவரை கிடைக்கவில்லை. டர்ஹாம் நிலக்கரி வயலின் கடைசிச் சுரங்கமான வேர்மவுத் மூடப்பட்டது 1993 டிசம்பரில், ஒரு மாதம் முன்பு. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனால் அந்தக் குளிர்காலத்தை அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருடியவருக்கு அது வெறும் வெள்ளி எடை, உருக்கியிருக்கவும் கூடும். இப்போது கழகத்திடம் இருப்பது அச்சாக அதேபோல் செய்த நகல்.

1982இல் இந்தக் கதையைத் தொலைக்காட்சிப் படமாக எடுத்தார்கள், டெனிஸ் வாட்டர்மேன் அணித்தலைவராக நடித்தார். இன்று உலகம் முழுக்கச் சுற்றும் "உலகக் கோப்பை" என்ற பெயருக்கு அந்தப் படத்துக்கும் பெரும் பங்குண்டு. ஆகவே கணக்குப்பிள்ளை எதிர்க்கும் மாலையைச் சூட்டியவர்கள் 1909இன் ஆட்டக்காரர்கள் அல்லர், பின்னால் வந்தவர்கள். ஊரின் புல்வெளியில் 2013இல் சுரங்கத் தொழிலாளியும் கால்பந்தாட்டக்காரரும் சேர்ந்த ஒரு சிலையும் எழுப்பப்பட்டது.

நூறாண்டு நிறைவுக்காக 2009இல் வெஸ்ட் ஆக்லாந்து மீண்டும் டூரினுக்கு அழைக்கப்பட்டது. எதிரே ஜுவென்டஸின் 20 வயதுக்குட்பட்டோர் அணி. முடிவு 7-1, இம்முறை ஜுவென்டஸுக்கு. பழைய ஆறு கோலையும் திருப்பிக் கொடுத்து, வட்டியாக ஒன்றும் சேர்த்துவிட்டார்கள்.

நார்தர்ன் லீகின் முதல் பிரிவு, இங்கிலாந்தின் கால்பந்து ஏணியில் ஒன்பதாம் படி. பிரீமியர் லீகிலிருந்து எட்டுப் படி இறங்கி வர வேண்டும். அந்த உயரத்தில் நிற்கும் கழகங்களில் ஜுவென்டஸை வீழ்த்திய கழகம் வேறு எதுவும் என் நினைவில் இல்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அச்சுக்குப் போகுமுன் ஒரு திருத்தம். நீங்கள் பார்த்த செய்தியின் பல வடிவங்களில் 1909 இறுதியாட்டம் ஜுவென்டஸுடன் நடந்ததாக இருக்கிறது. அது தவறு. 1909இல் எதிரணி விண்டர்தூர், ஜுவென்டஸ் வந்தது 1911இல். இரண்டு ஆண்டுகளையும் ஒன்றாக்கிவிட்டால் கோப்பை ஏன் நிரந்தரமாக அவர்களிடமே தங்கியது என்பதற்கும், கழகம் ஏன் கடனாளியாகித் திரும்பியது என்பதற்கும் காரணமே இல்லாமல் போய்விடும்.